சோற்றில் நட்ட குச்சிகள்

டோக்கியோ
செப்டம்பர் 4, 2017

அன்புள்ள அக்கா,

இங்கே வெயில் இன்னும் தணியவில்லை. சகாதாவில் கடற்காற்று தொடங்கியிருக்கும். மாடிப்படி ஏறினால் முழங்கால் வலிக்கிறது என்றாயே, மருத்துவரிடம் காட்டினாயா?

என் படம், 'மாடி அறை', போன சனிக்கிழமை வெளியாகிவிட்டது. நாற்பத்தெட்டு இருக்கைகள் கொண்ட அரங்கு, ஒரு நாளைக்கு ஒரே காட்சி. முதல் நாள் பத்தொன்பது பேர் வந்தார்கள். அதில் ஆறு பேர் படத்தில் வேலை செய்தவர்கள். ஐம்பத்து நான்கு வயதில் முதல் படம் எடுக்கிறவனுக்கு இது போதும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். வீட்டைப் பத்து நாள் கொடுத்துவிட்டு நீ தோழிகளோடு வெந்நீர் ஊற்றுக்குப் போகாமல் இருந்திருந்தால் இந்தப் படமே இல்லை.

உன்னிடம் ஒரு உதவி கேட்கிறேன். இந்த மாதிரிச் சின்ன அரங்குகளில் படம் முடிந்ததும் வாசலில் கேள்வித்தாளும் பென்சிலும் வைப்பார்கள். பார்த்தவர்கள் எழுதிப் பெட்டியில் போட்டுவிட்டுப் போவார்கள். அதைப் படிக்க எனக்குத் தைரியம் இல்லை. புகழ்ந்திருந்தால் நம்ப மாட்டேன், திட்டியிருந்தால் நாலு நாள் சாப்பிட மாட்டேன். முப்பத்தாறு வருடம் பிள்ளைகளின் கட்டுரைகளைப் படித்தவள் நீ. ஊர் ஊராகப் படம் போகும்போது வருகிற தாள்களை உனக்கு அனுப்பட்டுமா? எனக்குத் தெரியவேண்டியதை மட்டும் நீ எழுதினால் போதும். தொலைபேசி வேண்டாம். தொலைபேசியில் நாம் இருவரும் 'சரி, சரி' என்பதற்கு மேல் எதுவும் பேசுவதில்லை.

படத்தை நீ பார்க்கவேண்டிய அவசியமில்லை. உனக்குத்தான் பயப் படம் ஆகாதே.

தாள்களைத் தூக்கிப் போட்டுவிடாதே. எல்லாவற்றையும் வைத்திரு.

உன் தம்பி,
தகெஹிகோ

*

சகாதா
செப்டம்பர் 15, 2017

அன்புத் தம்பி தகெ,

வயல்கள் மஞ்சளாகிவிட்டன. இன்னும் ஒரு வாரத்தில் அறுவடை. முழங்காலுக்கு மருத்துவர் தைலம் கொடுத்திருக்கிறார். படி ஏறாதீர்கள் என்றார். தனி வீட்டில் மாடிக்கு வேறு யார் ஏறுவார்கள் என்று கேட்டேன், சிரித்தார். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

முதல் கட்டு வந்து சேர்ந்தது. நாற்பத்தொரு தாள்கள். பள்ளியில் கட்டுரைகளை மூன்று அடுக்காகப் பிரிப்பேன். பார்த்ததை எழுதுகிற பிள்ளை, பார்க்க விரும்பியதை எழுதுகிற பிள்ளை, பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதுகிற பிள்ளை. பெரியவர்களும் அப்படித்தான் இருக்கிறார்கள்.

உதாரணத்துக்குச் சில. ஒரு கல்லூரிப் பெண்: 'கதவின் கீழ் இடுக்கு வழியாக அக்கா பார்க்கும் இடத்தில் தோழியின் கையைக் கிள்ளிவிட்டேன். அவள் இன்னும் என்னோடு பேசவில்லை.' இது முதல் அடுக்கு. அறுபது வயதுக்காரர் ஒருவர்: 'படம் நெடுக எங்கோ தண்ணீர் சொட்டுகிறது. பயமுறுத்த வைத்ததா, குழாய் பழுதா?' அது நம் சமையலறைக் குழாய்தானே! மாற்ற வேண்டும் மாற்ற வேண்டும் என்று வருடக்கணக்காகத் தள்ளிப் போடுகிறேன். மன்னித்துக்கொள்.

இந்தத் தாள்களிலிருந்தே கதை எனக்குப் புரிந்துவிட்டது. அறையை விட்டு வெளியே வராத தம்பி. தினமும் ட்ரேயில் சோறு கொண்டுபோய்க் கதவருகே வைக்கும் அக்கா. உள்ளே ஏதோ சத்தம். கடைசியில் பார்த்தால் அறை காலி. தம்பி போய் வெகு நாளாகிவிட்டது. அக்காவுக்குத்தான் சித்தம் கலங்கியிருக்கிறது. ஒரு பெண் எழுதியிருக்கிறாள்: 'அக்கா பாத்திரம் நம்பும்படி இல்லை. எந்தப் பெண்ணும் ஒரு வருடம் காலி அறைக்குச் சோறு கொண்டுபோக மாட்டாள்.' இதை எந்த அடுக்கில் வைப்பது என்று தெரியாமல் தனியாக வைத்திருக்கிறேன்.

ஒன்று கேட்கிறேன். முதல் மூன்று கேள்விகள் எல்லாரும் கேட்பவை. எந்த இடத்தில் அதிகம் பயந்தீர்கள், யாருக்காக மனம் வருந்தியது, வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா. நான்காவதாக ஒன்று அச்சடித்திருக்கிறாயே: 'இந்த வீட்டை உங்களுக்குத் தெரியுமா?' நாற்பது பேர் 'தெரியாது' என்று எழுதியிருக்கிறார்கள். ஒருவர், 'இது என்ன கேள்வி?' என்கிறார்.

இது யாருக்கான கேள்வி, தகெ?

பனிக் காலத்துக்கு முன் ஒருமுறை வந்துவிட்டுப் போ.

அக்கா
மிட்சுயோ

*

நாகோயா
அக்டோபர் 2, 2017

அக்கா,

படத்தோடு நாகோயா வந்திருக்கிறேன். இங்கே நல்ல மழை. உடம்புக்கு ஒன்றுமில்லை, தொண்டை மட்டும் கட்டியிருக்கிறது.

நீ கண்டுபிடிப்பாய் என்று தெரியும். நம் கடைக்குட்டி மினோருவுக்கான கேள்விதான்.

அவன் போய்ப் பதினெட்டு வருடம் ஆகிவிட்டது. காவல் நிலையத்தில் சொன்னோம், விளம்பரம் கொடுத்தோம், ஒன்றும் நடக்கவில்லை. அவன் எந்த ஊரில் என்ன பெயரில் இருக்கிறான் என்று தெரியாது. ஆனால் ஒன்று தெரியும். ஆறு வருடம் அறைக்குள்ளேயே கிடந்தானே, அப்போது நான் விடுமுறைக்கு வந்தால் பயப் பட வீடியோ நாடாக்களை வாடகைக்கு எடுத்து வருவேன். கதவைக் கொஞ்சம் திறந்து வைத்துக்கொள்வான். தொலைக்காட்சி மாடிக் கூடத்தில், நான் கூடத்தில், அவன் கதவுக்குப் பின்னால். "இது பொம்மைக் கை. தையல் தெரியுது பாரு," என்பான். அந்த ஆறு வருடத்தில் அவன் என்னோடு பேசியது எல்லாம் அதுதான். சின்னப் படம், பேர் தெரியாத ஆள் எடுத்த பயப் படம் என்றால் அவன் எங்கிருந்தாலும் தேடிப் போவான். அதனால்தான் பயப் படம் எடுத்தேன். அதனால்தான் நம் வீடு, நம் பாத்திரங்கள், நம் ட்ரே. காரணத்தை உன்னிடம் சொல்லாமல் எடுத்ததற்கு மன்னித்துவிடு.

அவன் எழுத்து உனக்குத்தான் தெரியும். இடது கைக்காரனை வலது கையால் எழுதப் பழக்கியவள் நீதானே. அதனால்தான் தாள்களை உனக்கு அனுப்புகிறேன்.

இங்கே காட்சி முடிந்து மேடையில் பேசினேன். ஒரு பெரியவர் எழுந்தார்.

"டைரக்டர் தம்பி, ஒரு சந்தேகம். ரூம்ல ஆளே இல்லன்னா அந்தச் சோத்த யாரு திங்கறா?"

"அக்காதான் சார், அப்படி வச்சுக்கலாம்."

"ரெண்டு ஆளு சோறு திங்குற பொம்பளையா அது? காத்தடிச்சா பறந்துடும் போல இருக்கு!"

அரங்கமே சிரித்தது. நானும் சிரித்தேன்.

தகெஹிகோ

*

சகாதா
அக்டோபர் 20, 2017

அன்புத் தம்பி,

தொண்டைக்கு இஞ்சியும் தேனும் போட்டுக் குடி. நம் பெர்சிமன் மரத்துப் பழங்களைச் சாராயம் தெளித்துத் துவர்ப்பு நீக்கி, ஒரு பெட்டி அனுப்பியிருக்கிறேன். மேல் வரிசையை முதலில் சாப்பிடு. கீழ் வரிசைக்கு இன்னும் நான்கு நாள் வேண்டும்.

நாகோயாத் தாள்கள் ஐம்பத்தாறு. அவன் எழுத்து இல்லை. எல்லாவற்றையும் இரண்டு முறை பார்த்தேன்.

நவம்பர் பதினொன்றாம் தேதி படம் நம் ஊருக்கு வருகிறதாம். சுவரொட்டியைப் பார்த்துவிட்டு முடிதிருத்தகத்துத் தோகாஷியின் மனைவி ஓடி வந்தாள்.

"டீச்சர், உங்க வீடு சினிமாவுல வருதாமே! பேய் வீடாவா?"

"பேயெல்லாம் இல்லியாம். ஒரு அக்கா வர்றாளாம்."

"அக்காவா? அப்ப பேயே தேவல. எங்க அக்காவ நீங்க பாத்ததில்ல!"

நாங்கள் இருவரும் சேர்ந்து போவதாக முடிவு செய்திருக்கிறோம். அவள் கையைக் கிள்ளாமல் இருக்க முயல்கிறேன்.

அக்கா

*

டோக்கியோ
நவம்பர் 28, 2017

அன்புள்ள அக்கா,

குளிர் வந்துவிட்டது. பழங்களை முடித்துவிட்டேன். கீழ் வரிசைதான் இனிப்பு அதிகம். நீ நலமா?

சகாதாவில் படம் போட்டு இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிறது. உன்னிடமிருந்து கடிதம் இல்லை. நீ வந்திருந்தாய், கடைசி வரை உட்கார்ந்திருந்தாய், தாளும் எழுதினாய் என்று அரங்கில் சொன்னார்கள். ஆனால் அவர்கள் அனுப்பிய கட்டில் உன் தாள் இல்லை. எழுதியதை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டாய் என்கிறார்கள்.

வராதே என்று முன்பே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் ஏன் என்று கேட்பாயே என்று பயந்தேன்.

ஒரு வரி எழுது அக்கா. திட்டியாவது எழுது.

தகெ

*

சகாதா
டிசம்பர் 9, 2017

அன்புத் தம்பி,

முதல் பனி விழுந்துவிட்டது. கடிதம் தாமதமானதற்குக் காரணம் முழங்கால் என்று எழுதத் தொடங்கினேன். பிறகு அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன். ஆசிரியையாக இருந்தவள் சாக்கு எழுதக் கூடாது.

படம் நன்றாக இருந்தது. அந்த நடிகை என்னைவிட அழகாக ட்ரே பிடிக்கிறாள். தோகாஷியின் மனைவி மூன்று முறை அலறினாள். வீடு திரும்பும் வழியில், "அந்த அக்கா பாவம்தான், ஆனா கொஞ்சம் முன்னாடியே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிருக்கலாம்ல? கூடப் பொறந்தவங்க யாரும் இல்லியா?" என்றாள். தெரியவில்லை என்றேன்.

அவன் போன மறு புத்தாண்டுக்கு நீ வந்த நாளை நினைத்துக்கொண்டேன். நான் ட்ரேயோடு மாடிப்படியில் நின்று, "மினோரு, சூடு ஆறுறதுக்குள்ள சாப்டுடு," என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து நீ வாசலில் காலை உதறிச் சத்தம் போட்டுக்கொண்டு, "அக்கா, வந்துட்டேன்!" என்றாய். அன்று பனியில் உன் கால் தடங்களைப் பார்த்தேன். உள்ளே வந்து, வெளியே போய், மறுபடி உள்ளே வந்திருந்தன. எனவே நீ பார்த்தாய் என்று எனக்கு அன்றே தெரியும். நீ ஒன்றும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. இருவரும் உட்கார்ந்து புத்தாண்டு விருந்து சாப்பிட்டோம்.

நாகோயாப் பெரியவரைப் பார்த்தால் சொல்: அந்தச் சோற்றை நான் தின்னவில்லை. காக்கைகளுக்குப் போட்டேன். அந்த வருடம் நம் கொல்லையில் காக்கைகள் அதிகம்.

ஒரே ஒரு திருத்தம். கடைசிக் காட்சியில் அக்கா வைத்துவிட்டுப் போன சோற்றில் சாப்பிடும் குச்சிகள் இரண்டும் நட்டபடி நிற்கின்றன. சின்ன வயதில் நீ சோற்றில் குச்சியைக் குத்தியபோது அம்மா கையிலேயே அடித்தாள், நினைவிருக்கிறதா? செத்தவர் தலைமாட்டில் வைக்கும் சோற்றில்தான் அப்படி நடுவோம், அதுவும் செத்தவர் உண்ட அவரவர் கிண்ணத்தில். நீ வைத்திருந்தது நீலக் கரை போட்ட, விளிம்பு உடைந்த கிண்ணம். அது என் கிண்ணம், தகெ. அதன் மேலேயே 'எங்கள் அக்காவுக்கு' என்று எழுத்து வருகிறது.

கோபமில்லை. கொஞ்சம் குளிர்ந்தது, அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து அதே கிண்ணத்தில் சாப்பிட்டேன்.

என் தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். பெட்டியில் போடக் கூச்சமாக இருந்தது.

அக்கா

(உள்ளே வைத்திருந்த தாள்)
அதிகம் பயந்த இடம்: இல்லை.
யாருக்காக மனம் வருந்தியது: வாசலில் நின்று பார்த்துவிட்டு, கூப்பிடாமல் வெளியே போனவனுக்காக.
வேறு சொல்ல வேண்டியது: பனியில் எவ்வளவு நேரம் நின்றாய்?
இந்த வீட்டை உங்களுக்குத் தெரியுமா: தெரியும்.

*

டோக்கியோ
டிசம்பர் 20, 2017

அக்கா,

ஒரு மணி நேரம் நின்றேன்.

பயம் உன்னைப் பார்த்து இல்லை. கூப்பிட்டால் நீ திரும்பி, "மினோரு உள்ள இருக்கான்," என்று சொல்லிவிடுவாயோ என்றுதான் பயம். சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று இன்றுவரை தெரியாது. அந்த ஒரு மணி நேரத்தைத்தான் எண்பது நிமிடப் படமாக எடுத்தேன் என்று நினைக்கிறேன்.

கிண்ணத்தைப் பற்றி. அலமாரியில் முன்னால் இருந்தது, எடுத்தேன். அது உன்னுடையது என்று தெரியும். குச்சிகளை நட்டுப் பார்த்தபோது கேமராக்காரன், "அண்ணே, முதுகு சில்லுன்னு ஆகுது, அப்படியே விடுங்க," என்றான். விட்டுவிட்டேன். எல்லாத் தாள்களிலும் எல்லாரும் புகழ்வது அந்தக் காட்சியைத்தான். உன்னை நினைக்கவில்லை. படத்தை மட்டும்தான் நினைத்தேன்.

புத்தாண்டுக்கு வருகிறேன். இந்த முறை ஒரே வரிசைக் கால் தடம்தான் இருக்கும்.

தகெ

*

ஓனோமிச்சி
ஜனவரி 24, 2018

அக்கா,

உட்கார்ந்துகொண்டு படி.

ஓனோமிச்சியிலிருந்து எழுதுகிறேன். இங்கே போன வாரம் படம் ஓடியது. அரங்கை நடத்தும் இனோகுச்சி அம்மா தொலைபேசியில் கூப்பிட்டார். உடனே ரயில் ஏறினேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அம்பது வயசு இருக்கும். கப்பல் பட்டறைல வேல பாக்குறவர் மாதிரி நீலச் சட்டை. படம் முடிஞ்சு லைட்டு போட்டும் எந்திரிக்கல. உடம்பு சரியில்லியோன்னு கிட்ட போனேன். 'இந்தப் படம் எடுத்தவரு வீட்டுல எப்ப நடந்துச்சு?'ன்னு கேட்டாரு. ஷூட்டிங்க கேக்குறாருன்னு நெனச்சு, 'போன வருசந்தான் சார்'னு சொல்லிட்டேன். நான் பாவி. எனக்கெப்படித் தெரியும்? தல குனிஞ்சு வணக்கம் வச்சாரு. மறுநாள் மத்தியானம் வந்து இந்தப் பெட்டியையும் தாளையும் குடுத்துட்டு, நிக்காம போயிட்டாரு."

பெட்டியில் ஊதுபத்தி. மேலே வெள்ளைக் காகிதம் சுற்றி, துக்க வீட்டுக்குக் கட்டுவதுபோலக் கறுப்பு வெள்ளைக் கயிறு கட்டியிருக்கிறது. தாளை இத்துடன் அனுப்புகிறேன். எழுத்து யாருடையது என்று நீதான் சொல்ல வேண்டும், எனக்குத் தெரிந்தாலும்.

நான்கு நாள் தேடினேன். பட்டறைகள், விடுதிகள், துறைமுகத்துச் சாப்பாட்டுக் கடைகள் என்று ஏறி இறங்கினேன். என்னிடம் இருப்பது அவனுடைய இருபத்தொரு வயதுப் படம். பார்க்கிறவர்கள், "உங்க பையனா?" என்று கேட்கிறார்கள். ஒரு விடுதிக்காரர் மட்டும், அப்படி ஒருவர் மூன்று வருடமாக இருந்தார், திங்கட்கிழமை அறையைக் காலி செய்துவிட்டார் என்றார். அறையைப் பார்த்தேன். துடைத்து வைத்திருந்தான்.

நான் செய்தது என்ன என்று இப்போது புரிகிறது. வீடு நம் வீடு. கிண்ணம் உன் கிண்ணம். அதில் குச்சிகள். அதன் மேல் உனக்குச் சமர்ப்பணம். நான் அவனைத் தேடிப் படம் அனுப்பினேன். அவன் கைக்கு அது உன் சாவுச் செய்தியாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

தகெ

(உள்ளே வைத்திருந்த தாள்)
அதிகம் பயந்த இடம்: கடைசியில் நீலக் கரைக் கிண்ணம்.
யாருக்காக மனம் வருந்தியது: அக்காவுக்காக.
வேறு சொல்ல வேண்டியது: நான் போனால் அவளுக்குச் சுமை குறையும் என்று நினைத்தேன். போன பிறகும் அவள் படியேறினாள் என்று தெரியாது. சமையலறைக் குழாய் சொட்டுகிறது. மாற்ற அங்கே யாரும் இல்லை போலும். நாற்பத்தொன்பதாம் நாள் சடங்கும் கடந்திருக்கும். இதை அவள் முன்னால் ஏற்றுங்கள். சோறு எப்போதும் சூடாகத்தான் இருந்தது.
இந்த வீட்டை உங்களுக்குத் தெரியுமா: தெரியும். இனித் திரும்பிப் போக வேண்டியதில்லை.

*

சகாதா
பிப்ரவரி 5, 2018

தகெ,

காற்று, தரையில் கிடக்கும் பனியை வாரி அடிக்கிறது. நான்கு நாளாகக் கதவைத் திறக்க முடியவில்லை. நான் நலம்.

அவன் எழுத்துதான். வலப்பக்கம் ஏறிப் போய்க் கடைசியில் வரி சாய்ந்துவிடும். எத்தனை முறை சொல்லியிருப்பேன், தாளை நேராக வைத்துக்கொள் என்று. நாற்பத்தேழு வயதிலும் அப்படியே எழுதுகிறான். அதைப் பார்த்ததும் முதலில் எனக்கு வந்தது சந்தோஷம். உனக்குப் புரியுமா தெரியவில்லை. தாளை நேராக வைக்காத பிள்ளை உயிரோடு இருக்கிறான்.

இனோகுச்சி அம்மாவிடம் சொல், அவர்மேல் எந்தத் தவறும் இல்லை. குழாயை மாற்றாதது என் சோம்பல். அவன் அதைக்கூட என் சாவுக்குச் சாட்சியாக எடுத்துக்கொண்டான். பாடம் தவறாகப் புரிந்தால் பிள்ளையை அடிக்கக் கூடாது, பாடத்தைத் திரும்ப நடத்த வேண்டும்.

எனவே இதைச் செய். கடைசிக் காட்சியை மாற்று. நடிகை வேண்டாம். நான் வருகிறேன். அந்தக் கிண்ணத்தில் நான் சோறு தின்பதைப் படம் எடு. தின்று முடித்துக் குச்சிகளைப் படுக்க வைக்கிறேன். பிறகு படியைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்கிறேன். அவனுக்கு என் குரல் தெரியும்.

ஊர் பார்க்குமே என்று யோசிப்பாய். பார்க்கட்டும். தாள்களில் அவர்கள் என்னைப் பற்றி எழுதியவை எல்லாம் ஏற்கனவே என் அலமாரியில்தான் இருக்கின்றன.

கேமராவோடு வா. பனிக் காலணி போட்டுக்கொண்டு வா.

அக்கா

*

செந்தாய்
ஏப்ரல் 17, 2018

அன்புள்ள அக்கா,

இங்கே செர்ரிப் பூக்கள் உதிர்ந்துகொண்டிருக்கின்றன. உன் இருமல் நின்றதா? படமெடுத்த அன்று ஆறு முறை சோறு தின்ன வைத்தேன். கடைசியில் நீ, "டைரக்டர் சார், இதுக்கு மேல தின்னா நெஜமாவே குச்சி நட வேண்டியதுதான்," என்று சொன்னதை நினைத்துச் சிரித்தேன். சிரித்துவிட்டுக் கொஞ்ச நேரம் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

புதிய முடிவோடு இதுவரை ஐந்து ஊர்களில் ஓடியிருக்கிறது. தாள்கள் உனக்கு வந்திருக்கும். மறைக்க முடியாது, எல்லாரும் திட்டுகிறார்கள். செந்தாய் அரங்குக்காரர் என்னைத் தனியாக அழைத்துக் கேட்டார்.

"சார், தப்பா நினைக்காதீங்க. யாரு அந்தக் கெழவி?"

"எங்க அக்கா."

"அது சரி... படம் அப்படியே உசுர உறைய வச்சுக்கிட்டே போகுது. கடைசில ஒரு அம்மா வந்து முட்டைச் சுருளும் சோறும் சாப்ட்டு, 'மினோரு, சூடு ஆறுறதுக்குள்ள கீழ வா'ங்குது. சனம் எந்திரிச்சுப் போகுது. பழைய முடிவையே போடுவமா? யாருக்குத் தெரியப் போகுது?"

முடியாது என்றேன். வருத்தப்பட்டார். வெள்ளிக்கிழமையோடு எடுத்துவிடுகிறார். இன்னும் மூன்று ஊர்களில் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஒரு படவிழாவில் கேட்டிருந்தார்கள். பழைய முடிவு என்றால் எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். நான் பதில் எழுதவில்லை.

எனக்கு வருத்தம் இல்லை என்று எழுதினால் நீ அந்தத் தாளைக் கிழிக்கச் சொல்வாய். வருத்தம்தான். இன்னொரு படம் என்னால் எடுக்க முடியாது. ஆனால் பழைய முடிவு எங்காவது ஒரு ஊரில் ஓடிக்கொண்டிருந்தால், நீ அங்கே தினமும் செத்துக்கொண்டிருப்பாய். அதை என்னால் செய்ய முடியாது.

இனோகுச்சி அம்மா மட்டும் ஜூனில் ஒரு வாரம் மறுபடி போடுகிறேன் என்கிறார். கடன் தீர்ப்பதுபோல் பேசுகிறார். சுவரொட்டியில் நீ சாப்பிடும் படத்தையே பெரிதாகப் போடப்போகிறாராம்.

தகெ

*

சகாதா
ஜூன் 24, 2018

அன்புத் தம்பி தகெ,

மழைக் காலம் தொடங்கிவிட்டது. துணி காய்வதில்லை. என் இருமல் நின்றுவிட்டது. வீடு வீடாகப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுக்கும் உன் வேலையில் நனைந்த காலுறையோடு நிற்காதே, இன்னொரு ஜோடி பையில் வைத்துக்கொள்.

ஓனோமிச்சித் தாள்கள் நேற்று வந்தன. ஏழு நாளுக்கு முப்பத்தொன்று. இனோகுச்சி அம்மாவே மீன் சந்தையிலும் பட்டறை வாசல்களிலும் சுவரொட்டி ஒட்டினாராம். உனக்கும் எழுதியிருப்பார்.

சில உதாரணங்கள். ஒரு இளைஞன்: 'எண்பது நிமிடம் பயந்தேன், கடைசி இரண்டு நிமிடம் பசித்தது.' இது நல்ல கட்டுரை. ஒரு பெண்: 'அக்கா இன்னும் தம்பியைக் கூப்பிடுகிறாள் என்றால் பைத்தியம் தெளியவில்லை என்றுதானே பொருள்? அப்படியானால் இந்த முடிவுதான் அதிகப் பயம்.' அவளை முதல் அடுக்கில் வைத்திருக்கிறேன்.

ஒரு தாளில் எதுவும் எழுதவில்லை. நான்காக மடித்துப் போட்டிருந்தது. பள்ளியில் வெற்றுத்தாள் கொடுத்த பிள்ளையை நான் எப்போதும் பக்கத்தில் கூப்பிட்டுக் கேட்பேன், எழுதத் தெரியாமலா, எழுத மனமில்லாமலா என்று. அந்தத் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து வெகு நேரம் பார்த்தேன். பிறகு மூலையில் சாக்லேட் விரல் தடம் தெரிந்தது. சின்னக் குழந்தையின் விரல். யாரோ அம்மாவோடு வந்து, பெட்டியில் போட ஆசைப்பட்டிருக்கிறது.

அவன் வரவில்லை, தகெ. திரும்பிப் போக வேண்டியதில்லை என்று எழுதிவிட்டு வேறு ஊருக்குப் போனவன், சுமை தீர்ந்த ஆளாகத்தான் போயிருப்பான். எந்த ஊரிலோ காலையில் எழுந்து, எனக்காக ஒரு நிமிடம் கைகூப்பிவிட்டு வேலைக்குப் போகிறான். அவன் கும்பிடுகிற நேரத்தில் நான் இங்கே அரிசி கழுவிக்கொண்டிருக்கிறேன். இதை அவனுக்குச் சொல்ல முடிந்தால் நாம் மூவரும் சிரிப்போம்.

நீ படம் எடுத்தது தவறு என்று இனி எழுதாதே. பதினெட்டு வருடமாக அவன் இருக்கிறானா என்றே தெரியாமல் இருந்தேன். இப்போது தெரியும். சோறு சூடாகத்தான் இருந்தது என்றும் தெரியும்.

அந்த ஊதுபத்திப் பெட்டியை நான் பிரிக்கவில்லை. கறுப்பு வெள்ளைக் கயிற்றோடு, அம்மாவின் படத்துக்குக் கீழே இழுப்பறையில் வைத்திருக்கிறேன். எனக்கு இப்போது அறுபத்தாறு. ஒரு நாள் நீ வந்து என் தலைமாட்டில் சோறு வைப்பாய். நீலக் கரைக் கிண்ணத்திலேயே வை, குச்சிகளை நடு, அப்போது அது சரிதான். ஊதுபத்தி வேண்டுமென்றால் கடையில் புதிதாக வாங்கிக்கொள். அந்தப் பெட்டியை மட்டும் தொடாதே. அவன் கட்டிய முடிச்சை அவன்தான் அவிழ்க்க வேண்டும்.

விடுமுறை கிடைத்தால் வா. குழாய் இன்னும் சொட்டுகிறது. ஆளைக் கூப்பிடவில்லை, நீ வந்து மாற்று.

அக்கா
மிட்சுயோ